மரண அறிவித்தலில் பிறந்த திகதி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நமது தமிழ்ப் பத்திரிகைகளில் நாள்தோறும் வெளிவரும் மரண அறிவித்தல்களில், காலமானவரின் பிறந்த திகதி, பிறந்த ஊர், தாய் தந்தையர் பெயர், கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளின் பெயர்கள், அவர்களுடைய தொலைபேசி இலக்கங்கள் என எல்லாமே ஒரே கட்டத்துக்குள் தரப்படுகின்றன. துக்கச் செய்தியை ஊருக்கும் கடல் கடந்த உறவுகளுக்கும் சொல்லும் இவ்வழக்கம் மதிப்புக்குரியது. அதை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. ஆனால் முழுப் பிறந்த திகதிக்குப் பதிலாக வயதை மட்டும் குறிப்பிடுமாறு, விளம்பரம் கொடுக்க வரும் குடும்பத்தவர்களுக்கு உங்கள் பத்திரிகையும் ஏனைய பத்திரிகைகளும் ஆலோசனை கூற வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். பல ஆண்டுகள் வங்கியொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற வகையில் இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இலங்கையில் நமது தேசிய அடையாள அட்டை இலக்கம் எழுந்தமானமாக வழங்கப்படுவதன்று. பழைய அட்டையில் உள்ள ஒன்பது இலக்கங்களுள் முதல் இரண்டும் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதையும் குறிக்கும். பெண்ணாயின் அந்நாளின் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்பட்டு வரும் பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இதே முறைதான். ஆண்டு மட்டும் நான்கு இலக்கங்களில் எழுதப்படும். ஆகவே 1948 மார்ச் 10 ஆம் திகதி பிறந்த ஒரு பெண்மணியின் மரண அறிவித்தலைப் படிப்பவருக்கு, அவருடைய பழைய அட்டை 48570 என்று தொடங்கும் என்பதைக் கணிக்க ஒரு நிமிடம் கூட வேண்டியதில்லை. எஞ்சியிருப்பவை நான்கு இலக்கங்களே. அவையும் மருத்துவமனையில், ஈமக்கிரியை ஏற்பாடு செய்யும் மலர்ச்சாலையில், கொழும்புக் காலி வீதியின் கொமியூனிகேஷன் கடைகளில் நாம் எடுத்துக் கொடுத்தும் விட்டுவிட்டும் வந்த போட்டோப்பிரதிகளில் தெளிவாகக் கிடக்கின்றன. சரியாக விழாத பிரதியை மேசைக்குக் கீழேயுள்ள பெட்டிக்குள் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துத் தரும் காட்சியை வெள்ளவத்தையில் எந்தக் கடையிலும் காணலாம். அந்தப் பெட்டி பின்னர் எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை.

முப்பத்தொராம் நாள் நினைவு மலர் இன்னும் ஒரு படி மேலே போய், வம்சாவளியையே அச்சிட்டுத் தருகிறது. வாடிக்கையாளரை உறுதிப்படுத்த, தாயாரின் பெயரையும் பிறந்த திகதியையும் தொலைபேசியில் கேட்கும் நிறுவனங்கள் இன்றும் இருக்கும்போது, அவ்விரண்டையும் நாமே பகிரங்கமாகத் தருவது எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் மாமியார் காலமாகி அந்தியேட்டிக் கிரியை முடிவதற்கு முன்னரே, அவருடைய காப்புறுதிப் பணம் நிலுவையில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் என் மைத்துனிக்குத் தொலைபேசி எடுத்தார். மாமியாரின் முழுப்பெயர், பிறந்த திகதி, ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மகனின் பெயர் எல்லாவற்றையும் தடுமாற்றமின்றிச் சொன்னவர், "அம்மாவின் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கோ, அவவின் போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதையும் சொல்லுங்கோ" என்று மிகுந்த பணிவோடு கேட்டிருக்கிறார். அழுது களைத்திருந்த மைத்துனி அட்டையைத் தேடி எடுத்தும் விட்டார். மாமியாருக்குக் காப்புறுதியே இருக்கவில்லை என்பது அருகில் இருந்த என் கணவருக்கு நினைவு வந்ததால் மட்டுமே அது அத்தோடு நின்றது. அழைத்தவர் சொன்ன விபரங்களில் ஒன்று கூட அறிவித்தலில் இல்லாதது அல்ல.

இவ்வாறு கிடைக்கும் விபரங்களைக் கொண்டு இறந்தவர் பெயரில் சிம் எடுக்கலாம், தவணைக்குப் பொருள் வாங்கலாம், கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 1990 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட கடன் தகவல் பணியகத்தின் பதிவுகளைப் பார்த்தே வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் கடன் வழங்குகின்றன. வாழ்நாள் முழுவதும் கடனை ஒழுங்காகக் கட்டி வந்த ஒருவரின் நற்பெயர், இறப்பு அறிவிக்கப்படாத வரையில் அப்பதிவுகளில் அப்படியே நிற்கும். திருடனுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகவே இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் உறுதிப்படுத்திய பிரதிகள் சிலவற்றைப் பிரதேச செயலகத்தில் பெற்று, முதலில் வங்கிக்கும், ஓய்வூதியம் பெற்றவராயின் ஓய்வூதிய அலுவலகத்துக்கும், பின்னர் காப்புறுதி, தொலைபேசி நிறுவனங்களுக்கும் எழுத்து மூலம் அறிவிப்பதைத் தாமதிக்கக் கூடாது. ஈமச் செலவுக்கென்று இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையை, இரகசிய இலக்கத்தையும் சொல்லி, கையில் அகப்பட்டவரிடம் கொடுத்தனுப்பும் பழக்கத்தை நாம் கைவிட்டே ஆக வேண்டும். அவருடைய கையடக்கத் தொலைபேசி இலக்கத்தைக் கவனிப்பாரின்றிச் சாகவிடுவதும் தவறு. பாவனையில் இல்லாத இலக்கத்தை நிறுவனங்கள் காலப்போக்கில் வேறொருவருக்கு வழங்கிவிடும்; வங்கிக் கணக்கு அவ்விலக்கத்தோடு இணைந்திருந்தால் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை இரகசிய இலக்கம் அந்தப் புதியவருக்கே போகும். கணக்குகளை முடிக்கும் வரை சிம்மை ஒரு பொறுப்பானவர் வைத்திருந்து, அதன் பின்னர் முறைப்படி மூடுவதே நல்லது. முகநூல் கணக்கை, இறப்புக்கான சான்றைக் காட்டி, நினைவுக் கணக்காக மாற்றவோ நீக்கவோ முடியும். அடையாள அட்டைப் பிரதி கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே எந்தத் தேவைக்கு, எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்று பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும். இணையவழி மோசடி என்று சந்தேகித்தால் இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம். பணம் பறிபோயிருந்தால் வங்கிக்கும் பொலிஸாருக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.

எனக்குப் பெரும் கவலை தருவது காணிதான். கொழும்பில் வாழும் நம்மில் பலருக்கு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பெற்றோர் பெயரில் பூட்டிய வீடும் வளவும் இருக்கின்றன. பிள்ளைகளோ நான்கு நாடுகளில். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், அதை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். ஆனால் கையொப்பமிட வந்தவரே போலியாகவும், சாட்சிகள் அவருக்குத் துணையாகவும் இருந்தால் அந்தப் பாதுகாப்பு உடைந்து போகிறது. தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தைக் கொடுத்தவர் இறந்ததும் அத்தத்துவம் பொதுவாக முடிவடைந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. இறப்பை மறைத்து அதைக் கொண்டு விற்பவர் உறவினராகவே இருக்கலாம் என்பதை எழுத வருத்தமாக இருந்தாலும் எழுதாமல் விட முடியவில்லை. காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி ஏட்டைப் பார்வையிட எவருக்கும் வழியுண்டு. அக்காணி தொடர்பாக ஏதேனும் ஆவணம் பதிவுக்கு வந்தால் தமக்கு அறிவிக்கும்படி உரித்தாளர் முன்கூட்டியே பதிந்து வைக்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஒரு சட்டத்தரணியைக் கொண்டு இதைச் செய்து வைப்பது, பின்னர் வழக்குப் பேசுவதிலும் பார்க்கச் செலவு குறைந்தது.

இவ்வளவையும் துக்கத்தில் இருக்கும் குடும்பமே வாசல் வாசலாகச் செய்ய வேண்டியிருப்பது நியாயமன்று. இறப்பைப் பதிவு செய்வது அரசாங்கமே. அடையாள அட்டை வழங்குவதும் அரசாங்கமே. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடிருப்பவரோடு இறந்தவரையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் அதை முழுமையாக நடைமுறைப்படுத்துவது பின்போடப்பட்டே வந்தது. பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் ஓர் இறப்பு பதியப்பட்டவுடன் அத்தகவல் அடையாள அட்டை வழங்கும் ஆட்பதிவுத் திணைக்களத்துக்குத் தாமதமின்றிச் சென்று, அந்த அடையாள அட்டை இலக்கம் செயலிழந்ததெனக் குறிக்கப்பட வேண்டும். வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் நொத்தாரிசுகளும் புதிய கொடுக்கல் வாங்கலுக்கு முன்னர் அதைச் சரிபார்க்கக் கூடிய வழியையும் உரிய அமைச்சு ஏற்படுத்த வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.