ட்ரை ஐஸ் கொடுத்த பாய்க்கும், கூட இருந்தவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

ஆலங்கட்டி மழையில் மின்சாரம் போய் ஆய்வகத்தின் உறைபெட்டி நின்ற அந்த இரவைப் பற்றி உங்களுக்கெல்லாம் தெரியும், பாதிப்பேர் போனிலேயே கூட இருந்தீர்கள். மறுபடியும் கதை சொல்லவில்லை. எங்கள் தடுப்பூசிப் புரதம் பிழைத்துவிட்டது. நேற்று பன்றிக்குட்டிகளுக்கு இரண்டாவது டோஸும் போட்டாயிற்று. இன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கி எழுந்திருக்கிறேன், எழுந்ததும் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி மீன்கடை பாய்க்கு. கனடாவின் அல்பர்ட்டாவில் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் கடையில் வஞ்சிரம் வாங்குகிறேன். அதைத் தாண்டி அதிகம் பேசியதில்லை. காயல்பட்டினத்துக்காரர் என்பது மட்டும் தெரியும். அன்று இரவு நகரத்தில் ட்ரை ஐஸ் (உறையவைத்த கரியமில வாயு) விற்கிற எந்த இடமும் திறந்திருக்கவில்லை. விமானத்தில் வரும் மீன்பெட்டிகளில் அது இருக்குமே என்று திடீரென்று தோன்றியது. அழைத்தேன். தூக்கக் குரலில்தான் எடுத்தார்.

"எவ்வளவு வேணும்?"

"இருக்கிறதெல்லாம் வேணும் பாய். தடுப்பூசிப் புரதம் உருகிடும்."

"யாருக்குத் தடுப்பூசி?"

மறைக்க மனம் வரவில்லை. "பன்றிக்கு பாய்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சரி, வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"குட்டிகளா, பெருசா?"

"குட்டிகதான்."

"கடைக்குப் பின்பக்கமா வந்துரு."

போனபோது கட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். வெறுங்கையால் தொடப்போன என்னை அதட்டி, தன் தோல் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு அவரே ஆய்வகத்துக்கு வேன் ஓட்டி வந்தார். குழாய்களை அடியில் வைத்து, கட்டிகளை மேலே அடுக்கச் சொன்னார், குளிர் கீழேதான் இறங்குமாம். பெட்டி மூடியை இறுக்க விடவில்லை, வாயு போக வழி வேண்டும் என்றார். மழை உள்ளே அடித்தும் வேன் கண்ணாடியை ஏற்றவில்லை. குழாய் மூடிகளைச் சுற்றி நான் ஒட்டுப்படலம் சுற்றியதைப் பார்த்து ஏன் என்று கேட்டார். கரியமில வாயு உள்ளே புகுந்தால் கரைசல் புளித்துவிடும், புரதம் கெடும் என்றேன். "இது எனக்குத் தெரியாதே" என்றார் ஆர்வமாக. பணம் வாங்கவில்லை.

அந்தக் குழாய்களில் இருந்தது என்ன என்று வண்டியில் கேட்டார். அப்போது சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், பலருக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. கிளாசர் நோய் பன்றிக்குட்டிகளின் மூட்டையும் இதய, நுரையீரல் உறைகளையும் தாக்குவது. அதன் கிருமி இயற்கையில் பன்றியைத் தவிர வேறு விலங்கில் வாழாது. பன்றி ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினைப் பிடித்து இரும்பைப் பறித்துத்தான் வாழ்கிறது. அப்படிப் பிடிக்க உதவும் கிருமியின் புரதத்தையே ஊசியாகக் கொடுக்கிறோம். ஆனால் அது உடம்புக்குள் போனதும் டிரான்ஸ்ஃபெரினைக் கவ்விக்கொண்டு நோயெதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் தன் முகத்தையே மறைத்துக்கொள்கிறது. கால்கரி, டொரண்டோ, ஸ்பெயினின் லெயோன் ஆய்வாளர்கள் அதன் 167ஆம் இடத்தில் இருந்த டைரோசின் என்ற அமினோ அமிலத்தை அலனின் என்ற இன்னொன்றாக மாற்றினார்கள். கவ்வும் பிடி போயிற்று, பாதுகாப்போ கூடியது. 2015இல் வெளிவந்தது அது. கொன்ற கிருமியால் செய்யும் பழைய ஊசிகள் பெரும்பாலும் தங்கள் வகைக்கு மட்டுமே கேட்கின்றன, இந்தக் கிருமியிலோ 15 வகை. எங்கள் புரதமும் அந்த 2015 வழியில் வந்ததுதான். பாய் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப திருடனோட கையைத்தான் காட்டிக்கொடுக்குறீங்க" என்றார். என் ஆய்வேட்டு முன்னுரை இவ்வளவு தெளிவாக இல்லை.

மற்றவர்களுக்கு: கொட்டகையில் விடிய விடிய சூடு விளக்குக்கு மாற்று தேடிய பணியாளர்கள், தங்கள் உறைபெட்டியில் மாதிரிகளை நெருக்கி ஒரு தட்டு ஒதுக்கித் தந்த பக்கத்துக் குழு, வாட்ஸாப்பில் விழித்திருந்த நாமக்கல் கால்நடைக் கல்லூரி சீனியர்கள், புட்டும் சொதியும் கட்டி அனுப்பிய யாழ்ப்பாணத்து அக்கா, உங்கள் எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள்.

இனிமேல்தான் கடினமான பகுதி. ஊசி காக்கிறதா என்று பார்க்க, குட்டிகளுக்கு மூக்கு வழியாகக் கிருமியைக் கொடுக்கப் போகிறோம். ஊசி பெறாத குட்டிகளுக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரலாம். வலி எல்லை தாண்டும் முன்பே கருணைக்கொலை செய்துவிடுவோம். இதைப் பாயிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்கும் சமாதானம் சொல்லத் தோன்றவில்லை. எந்தக் குட்டிக்கு எது போட்டது என்று குட்டிகளைக் கவனிக்கிற எங்களில் யாருக்கும் தெரியாது. குறியீடு ஒட்டிய கடித உறையில் இருக்கிறது. உடற்கூறாய்வில் இதய உறையையும் நுரையீரல் உறையையும் பார்த்து மதிப்பெண் எழுதி முடிக்கும் வரை அந்தக் கடித உறையைப் பிரிக்க மாட்டோம். அதுவரை யாரும் முடிவு கேட்காதீர்கள்.

புரதம் தோற்றாலும் ஒளிக்காமல் வெளியிடுவேன். அத்தனை குட்டிகளை வைத்துச் செய்துவிட்டு, நன்றாக வரவில்லை என்று அலமாரியில் பூட்டிவைக்க எனக்கு உரிமையில்லை. எதுவானாலும் முதலில் பாய்க்குத்தான் சொல்வேன். சனிக்கிழமை மீன் வாங்கப் போகிறேன், கையுறையும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.