கேரியர்ல ஒரு தட்டு கூட வச்ச அம்மாவுக்கும், மத்த எல்லாருக்கும்

அவனுக்கு விபத்து ஆனப்போ கூட நின்ன உங்களுக்கெல்லாம் இந்த நன்றிய எழுதணும்னு ஆறு மாசமா நெனச்சுட்டே இருந்தேன், இன்னிக்கு அவன் தூங்குறான், மழை வேற பெய்யுது, சரின்னு உக்காந்துட்டேன். யார் பேரும் போட மாட்டேன், அவன் ஆபீஸ்ல இன்னும் எதுவும் தெரியாது.

முதல்ல அந்த டீக்கடை அண்ணனுக்கு. துவாக்குடி தாண்டி பைக்கோட விழுந்து கெடந்தவன சுத்தி நின்னு வீடியோ எடுத்தவனுங்கள வெரட்டிட்டு 108க்கு போன் போட்டதும் நீங்க தான், லாக் ஆன போன்ல எமர்ஜென்சி நம்பர பாத்து என்ன கூப்ட்டதும் நீங்க தான். நாங்க பிரிஞ்சு எட்டு மாசம் ஆச்சுன்னு உங்களுக்கு எப்படி தெரியும். அவன் அந்த நம்பர மாத்தவே இல்ல, சோம்பேறி.

அப்புறம் ஜிஹெச் டியூட்டி டாக்டர் மேடம். சுயநினைவு ஸ்கோர் 15க்கு 9, பயப்படாதீங்கன்னு சொன்னீங்க. விபத்து சிகிச்சைக்கு அரசோட நம்மைக் காக்கும் 48 திட்டம் இருந்ததால முதல் ரெண்டு நாள் யாரும் காசு கேக்கல. ஆனா ஃபார்ம்ல நோயாளிக்கு நீங்க என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அங்க தான் நின்னுட்டேன். எங்கள மாதிரி ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்றத குத்தம்னு சொன்ன 377வது சட்டப்பிரிவு 2018ல போச்சுன்னு மலைக்கோட்டை பக்கத்துல ஐஸ்கிரீம் வாங்கி சாப்ட்டவங்க நாங்க, 2023ல எங்களுக்கு கல்யாண உரிமை கெடையாதுன்னு தீர்ப்பு வந்தப்போ ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம டிவியவே பாத்துட்டு இருந்தோம். அந்த கட்டத்துல எழுத எனக்கு ஒரு வார்த்தை இல்ல. அப்ப தான் அவன் அக்கா வந்தாங்க. பேனாவ வாங்கி அவங்க கையெழுத்த போட்டுட்டு, "தம்பி, நீங்க யாருன்னு எனக்கு தெரியும், நீங்க உள்ள போய் உக்காருங்க"ன்னாங்க. அக்கா, அன்னிக்கு உங்க கால்ல விழாதது தான் குறை.

நாலாம் நாள் கண்ண முழிச்சு என்ன பாத்து அவன் கேட்ட முதல் கேள்வி, "என்னடா தாடி, எனக்கு புடிக்காதுன்னு தெரியும்ல". கடைசி ரெண்டு வருஷம் அவன் ஞாபகத்துல சுத்தமா இல்ல. வீட்ல பொண்ணு பாத்தது, சண்ட, பிரிஞ்சது எதுவுமே இல்ல. அப்படியே விட்டுடலாம்னு தான் எனக்கு ஆசை, பொய் சொல்லல. அந்த சைக்காலஜிஸ்ட் சார் தான், பழசு நிக்கும் புதுசு தான் முதல்ல போகும், போனத நீங்களா இட்டுக்கட்டி ரொப்பாதீங்க, கேட்டா உள்ளத சொல்லுங்கன்னாரு. திட்டிக்கிட்டே கேட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க.

டிஸ்சார்ஜ் ஆகி மூணாவது வாரம் முக்கொம்புல உக்காந்து அவன் அனுப்புன கடைசி மெசேஜ காட்டுனேன். "இனிமே கூப்டாத". ரொம்ப நேரம் பாத்தான். "யார்றா இவன், இவ்ளோ கேவலமா டைப் பண்ணிருக்கான்"ன்னான். அப்புறம், "நீ என்ன பண்ண?" ஒரு தடவ கூட கூப்டலன்னு சொன்னேன். ஒரு மாசம் தனியா இருக்கேன்னு போயிட்டான். நியாயம் தானே. முப்பத்தி ரெண்டாவது நாள் வந்தான், நான் தாடி எடுத்திருந்தேன்.

அவனுக்கு வீட்ல பாத்த பொண்ணு, தங்கச்சி, உனக்கும் நன்றிம்மா. விபத்துக்கு முன்னாடியே அவன் உங்கிட்ட உண்மைய சொல்லி வேணாம்னுட்டான்னு நீ வந்து சொல்லலன்னா எனக்கு தெரிஞ்சே இருக்காது. அன்னிக்கு அவன் என்ன பாக்கத்தான் வந்தானான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஆமான்னு சொல்ல ஆசை தான், ஆனா அவன் ஆபீசும் அதே ரோட்ல தான் இருக்கு, அந்த நாள் ஞாபகம் இனிமே வராதுன்னும் டாக்டர் சொல்லிட்டாரு.

கடைசியா அவனோட அம்மா. என்கிட்ட ஒரு வார்த்த பேசல நீங்க. ஆனா ஆறாம் நாள்லேர்ந்து கேரியர்ல ரெண்டு பேர் சாப்பாடும், துணில சுத்தி இன்னொரு தட்டும் வந்துச்சு, ரசத்துல எனக்கு புடிச்ச மாதிரி மிளகு தூக்கலா. அது உங்களுக்கு எப்படி தெரியும்னு நான் கேக்கல. ஒரு அடுக்கோட மூடி எங்கிட்டயே இருக்கு, ஞாயித்துக்கிழம கொண்டு வரேன்.