அக்காவுக்கு, செம்பு பற்றி

அக்கா,

படம் முடிந்துவிட்டது. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மூலையில் கையெழுத்துப் போட்டேன். அம்மாவின் திதிக்கு இன்னும் நான்கு நாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழும், பதில் வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். சில விஷயங்களைத் தாண்டிப் போவேன், நீ புரிந்துகொள்வாய்.

அந்தப் பித்தளைச் செம்பு, மூன்று எலுமிச்சை, அம்மாவின் நீலச் சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு. 12-க்கு 16 அங்குல கேன்வஸ். இதற்கு ஏழு மாதம்.

சமூக மன்ற வகுப்பில் ஆசிரியர் பித்தளை வேண்டாம், முதல் படத்துக்குக் கஷ்டம் என்றார். சரியாகத்தான் சொன்னார். தங்க நிற டியூபை வாங்கிப் பூசினேன், நாடகக் கிரீடம் மாதிரி வந்தது, சுரண்டி எடுத்தேன். பித்தளைக்கென்று தனி நிறமே இல்லை அக்கா. கொஞ்சம் எல்லோ ஓக்கர் மஞ்சள், கொஞ்சம் பர்ன்ட் அம்பர் பழுப்பு, மீதியெல்லாம் பக்கத்தில் இருப்பவற்றிடம் வாங்கிய கடன். வயிற்றில் சேலையின் நீலம், அடியில் எலுமிச்சையின் பச்சை. பளிச்சென்ற வெளிச்சம் ஒரு அரிசி அளவுதான். அதைக் கடைசியில் வைத்தேன், நேற்று.

வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் வரைந்தால் நிழல் மாறாது என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. அது ஐரோப்பாக்காரர்களுக்கு. நம் சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிறது, மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியனே வடக்குப் பக்கம்தான். ஜூனில் காலை வெயில் சாய்வாக உள்ளே வந்து நான் போட்டிருந்த நிழலையெல்லாம் பொய்யாக்கியது. எலுமிச்சை வேறு நாலைந்து நாளில் சுருங்கிவிடும். ஒவ்வொரு வாரமும் தேக்கா சந்தையில் அதே அளவு, அதே பச்சை என்று பொறுக்கிக்கொண்டு நின்றால் கடைக்கார அண்ணன், "என்னம்மா, ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எல்லாம் ஒருவழியாக வந்தது, செம்பின் வாய் மட்டும் வரவில்லை. இரண்டு முனையும் கூராகி மாவிலை மாதிரி நின்றது. ஆறு முறை துடைத்தேன். ஏழாவது முறை தோ பாயோ வீட்டு அடுப்பங்கரையில் நீ நின்றது ஞாபகம் வந்தது. செம்பை என் கண்ணுக்கு நேரே பிடித்தாய், வாய் வெறும் கோடாக இருந்தது. மெல்ல இறக்கினாய், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. "இதில் முனை எங்கேடி இருக்கு, காட்டு" என்றாய். இல்லை. எனக்குப் பத்து வயது, உனக்குப் பதினேழு.

மற்றதும் அதே அடுப்பங்கரையில்தான். டியூஷன் காசில் நீ வண்ணம் வாங்குகிறாய் என்று அப்பாவிடம் சொன்னது யார் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நான்தான். அவர் கேட்டார், பொய் சொல்லத் தெரியாத வயது, சொல்லிவிட்டேன் என்றே இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் முழுசாக உண்மை இல்லை. உன் வண்ணப் பெட்டியை நீ என்னைத் தொடவிட்டதில்லை. அப்பா அதை இரண்டு கையாலும் தூக்கிவந்து, "மூடியைத் திற" என்றார். குப்பைக் குழாயின் மூடியைத் திறந்தவள் நான். ஒன்பதாவது மாடி. தகரப் பெட்டி சுவரில் இடித்து இடித்து இறங்கிய சத்தம் அடங்கும்வரை மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. நீ அழக்கூட இல்லை.

மன்னித்துவிடு. நான் திறக்காவிட்டால் அவரே திறந்திருப்பார், அதுவும் உண்மைதான். பத்து வயதுக்காரி என்ன செய்திருக்க முடியும், நீயே சொல்.

தேசியக் கலைக்கூடத்தில் ஜார்ஜெட் சென் வரைந்த ரம்புத்தான் பழங்களைப் பார்த்த அன்றுதான் வகுப்பில் சேர்ந்தேன். அவர் 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தவராம். நீ விண்ணப்பத்தை வாங்கி மெத்தைக்கு அடியில் வைத்திருந்தாயே, அதே நன்யாங். தட்டு நிறைய நம் ஊர்ப் பழம். உனக்குப் படம் எடுத்து அனுப்ப நினைத்தேன். அனுப்பவில்லை.

ஏன் அனுப்ப வேண்டும்? நீ மெல்பர்னில் இருந்த பதினோரு வருஷமும் ராத்திரி எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தது யார்? காரியம் முடிந்த மறுநாள் எல்லார் முன்னாலும், "எனக்கு ஒன்றும் வேண்டாம், செம்பு மட்டும் போதும்" என்றாய். அந்தப் 'போதும்' இருக்கிறதே! அதற்காகத்தான் தரமாட்டேன் என்றேன். மருத்துவமனையில் நடந்ததை இங்கே எழுதவில்லை, யார் யாரோ படிப்பார்கள். நீ அன்றைக்குச் சாப்பிடாமலே விமானம் ஏறினாய் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சரி. படம் இங்கேயே இருக்கட்டும். எண்ணெய் வண்ணம் உள்ளே இறுகவே மாதக்கணக்கு ஆகும், வார்னிஷ் அடுத்த வருஷம்தான். செம்பைப் பெரியம்மா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், அடுத்த மாதம் அங்கே வருகிறான். அடியில் ஒரு நெளிவு இருக்கும், அது நான் செய்ததில்லை. நிறம் மாறிவிடும் என்று ஏழு மாதமாகப் புளி போட்டுத் தேய்க்கவில்லை, மங்கிக் கிடக்கிறது. நீயே தேய்த்துக்கொள்.