தராசைத் தெரியாத கெர்னல்

செங்கோட்டை,
ஆடி மாதம்.

அன்புள்ள சுடலை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சாரலைக் காரணம் சொல்லலாம். ஆனிக் கடைசியில் பிடித்தது இன்னும் விடவில்லை. புளியரைப் பக்கம் மலையே கண்ணில் படவில்லை, துவைத்த வேட்டி மூன்று நாளாகக் கொடியில் ஈரமாகத் தொங்குகிறது. உண்மைக் காரணம் வேறு. விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் இருக்கிறதே, அதன் கெர்னல் ஒன்றைச் சொந்தமாகத் தயார் செய்துகொண்டிருந்தேன். உன் தங்கச்சியிடம் சொன்னால், "எந்தப் பட்டாளத்துக் கர்னல்?" என்கிறாள்.

அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கொஞ்ச நாளைக்கு மாடிப்படி மட்டும் ஏற விடாதே.

சரி, கெர்னலுக்கு வருகிறேன். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் கமிஷன் கடைக்காரர் என்று வைத்துக்கொள். எந்தப் புரோகிராமும் நேராகப் போய் டிஸ்க்கையோ மெமரியையோ தொட முடியாது, இவர் வழியாகத்தான் எல்லாம். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவராக இருந்தபோது வெளியிட்ட முதல் லினக்ஸ் கெர்னல் சுமார் 10,000 வரி. இன்றைக்கு 3 கோடி வரிக்கு மேல். அதில் பெரும்பகுதி டிரைவர்கள்தான், அதாவது ஒவ்வொரு சாதனத்தோடும் பேசத் தெரிந்த புரோகிராம் துண்டுகள், நீயும் நானும் ஜென்மத்தில் பார்க்கப்போகாத சாதனங்களுக்கெல்லாம் சேர்த்து. நான் இறக்கிய 6.6 வரிசை, சுருக்கிய நிலையில் சுமார் 140 எம்பி.

அதை விரித்து 'மேக் மெனுகான்ஃபிக்' என்று அடித்தால் நீலத் திரையில் பட்டியல் விரியும், ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரம் போட்டால் அது கெர்னலோடு கலந்துவிடும், சாம்பாரில் கரைத்த உப்பு மாதிரி. 'எம்' போட்டால் மாட்யூல். அப்பளக் கூடை போலத் தனியே இருக்கும், கேட்டால் இலைக்கு வரும். இரண்டும் வேண்டாம் என்றால் காலியாக விடலாம். கை தானாக எல்லாவற்றையும் காலியாக்கப் பார்க்கும். நான் ஓர் இரவு முழுக்க அப்படித்தான் ஆடினேன், எதைத் தூக்கினேன் என்று மறுநாள் எனக்கே தெரியவில்லை.

அதனால் என் மெஷினில் ஓடும் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்போடு வந்த, பதிலெல்லாம் ஏற்கெனவே எழுதிய கட்டமைப்புக் கோப்பையே எடுத்துக் கம்பைல் செய்ய விட்டேன், அதாவது எழுதிய வரிகளை மெஷினுக்குப் புரியும்படி மாற்ற. பையன் கழித்துப்போட்ட லேப்டாப், இரண்டே கோர். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டுப் படுத்தேன். விடியற்காலை பார்த்தால் டிஸ்க்கில் இடமில்லை என்று நின்றிருக்கிறது. பிழை தேடுகிறவர்களுக்கான டீபக் தகவல் என்று ஒன்று, அதுவே இருபது ஜிபிக்கு மேல் தின்றுவிட்டது. அதை அணைத்தேன்.

அப்புறம்தான் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை கண்ணில் பட்டது. அந்த நேரத்தில் மெஷினில் எந்தெந்த மாட்யூல் ஏறியிருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை அணைத்துவிடும். ராத்திரி முழுக்க ஓடியும் முடியாத வேலை ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது.

அவசரத்தில் மாட்யூல்களை நிறுவாமல் கெர்னலை மட்டும் நிறுவிவிட்டேன். டிஸ்க்கைப் படிக்கும் டிரைவரே மாட்யூல்தானே? குடோன் சாவியைக் குடோனுக்குள் வைத்துப் பூட்டிய கதை. வழக்கமாக அந்தச் சாவியை 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சின்னப் பொட்டலத்தில் கட்டி வெளியே வைப்பார்கள். என் பொட்டலத்தில் சாவியே இல்லை. டிஸ்க்கைக் காணோம் என்று இரண்டு வரி எழுதிவிட்டு நின்றது. நல்லவேளை, மெஷின் எழும்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் கிரப் மெனுவில் பழையது அப்படியே இருந்தது. அதில் நுழைந்து விட்டுப்போனதைச் செய்தேன். ஓடுகிற கெர்னல் எது என்று சொல்லும் 'யூநேம்' போட்டுப் பார்த்தால் பதிப்பு எண்ணின் வாலில் நான் வைத்த 'சாரல்' என்ற பெயர்! காலாண்டுத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாதிரி இருந்தது, போ.

அந்த மிதப்பு நான்கு நாள்தான். மச்சினன் கமிஷன் கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. "அத்தான், உங்க லேப்டாப்பைக் கொண்டாங்க"ன்னு போன். பில் போடும் புரோகிராமை எழுதியதே நான்தானே, தராசிலிருந்து எடையை நேராக வாங்கிக்கொள்ளும். போய்க் கேபிளைச் சொருகினால் எடைக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. தராசின் சிவப்பு எழுத்து 48.650 என்று பளிச்சென்று எரிகிறது, என் திரையில் சூனியம். சொருகியதையெல்லாம் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி' போட்டால் சாதனம் வருகிறது. ஆனால் புரோகிராம் எடையை வாங்கும் வாசலான 'டிடிஒய்யூஎஸ்பி0' என்ற கோப்பு பிறக்கவே இல்லை. வெளியே கொல்லம் லாரி இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது, டிரைவர் தலையை நீட்டி "எந்தாயி சாறே?" என்கிறார்.

பத்து நிமிஷம் கேபிளைத் திட்டினேன், தராசைத் திட்டினேன். பிறகுதான் உறைத்தது. கணக்கெடுக்க வந்தவர் அன்றைக்கு வீட்டிலிருந்த தலைகளை மட்டும் எண்ணிப்போனால், ஊருக்குப் போன சித்தப்பா பட்டியலில் எப்படி இருப்பார்? லோக்கல்மாட்கான்ஃபிக் ஓடிய ராத்திரி தராசு என் லேப்டாப்பில் சொருகியிருக்கவில்லை. அந்தக் கேபிளுக்குள் இருந்த சிப்புக்கு 'சிஎச்341' டிரைவர் வேண்டும், அது போய்விட்டது.

பழைய கெர்னலில் ஏற்றி லாரியை அனுப்பிவைத்தோம். ராத்திரி வந்து மெனுவில் சாய்கோட்டை அழுத்தி 341 என்று தேடினேன். அதற்கு மேலிருக்கிற யூஎஸ்பி சீரியல் பகுதியைத் திறக்காவிட்டால் அது மெனுவில் தலைகாட்டவே காட்டாது. இரண்டுக்கும் 'எம்' போட்டேன். மாறியதை மட்டும்தான் திரும்பக் கம்பைல் செய்யும் என்பதால் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. மறுநாள் தராசு பேசியது. மச்சினன் மட்டும், "பழசே நல்லாத்தானே ஓடுச்சு அத்தான்" என்றான். என்ன பதில் சொல்ல? அவன் சொல்வதும் நிஜம்தான். புதுக் கெர்னல் ஒன்றும் பறக்கவில்லை, நான்கு நொடி சீக்கிரம் எழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் என் மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று இப்போது விரல்விட்டுச் சொல்வேன்.

ஓணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிடு. ஓண நேரத்தில் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. கொல்லம் ரயிலில் பதிமூன்று கண் பாலம் வரை போய்வரலாம். மீட்டர் கேஜ் காலத்தில் ஜன்னலோரத்துக்கு நாம் அடித்துக்கொண்ட பாதைதான், 2018-லிருந்து அகலப்பாதை.

வரும்போது உன் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பிரிண்டரைக் கேபிளோடு எடுத்து வா. அடுத்த முறை தலை எண்ணும்போது அதுவும் சொருகியிருக்கட்டும்.

உன்,
இசக்கி