பெயர் மாறி வந்த கோப்புகள்

அன்பு நண்பா,

நலம். அங்கே எல்லோரும் நலமா? தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவள் பின்னால் ஓடுவதிலேயே பொழுது போய்விடுகிறது.

பழைய பத்திரிகைகளையும் புத்தகங்களையும் டவுன்லோட் செய்து சேர்த்து வருகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் பெயர் கன்னாபின்னாவென்று வருகிறது, பல கோப்புகள் திறக்கவே இல்லை, கணினி கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். அப்படித் தெரியவில்லை. பெயர்ச் சிக்கல் வேறு, கோப்புச் சிக்கல் வேறு.

முதலில் பெயர். கோப்பை அனுப்பும் சர்வர், அதாவது அந்தத் தளத்தின் கணினி, ‘இதை இந்தப் பெயரில் சேமி’ என்று கூடவே ஒரு வரி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இணைப்பு முகவரியின் கடைசித் துண்டையே உலாவி பெயராக எடுத்துக்கொள்ளும். ‘டவுன்லோட்’, ‘வியூ’ என்று உனக்கு வந்ததெல்லாம் அப்படித்தான். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று சேர்க்கும். பழையது அழியாமல் இருக்கத்தான் அது.

சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு வருகிறதே, அது உண்மையில் தமிழ்ப் பெயர்தான். முகவரிக்குள் தமிழ் அப்படியே போகாது. யூனிகோடின் யுடிஎஃப்-8 என்ற முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் (கணினி சேமிக்கும் சிறு அலகு). ஒவ்வொரு பைட்டும் ‘%ஈ0’ மாதிரி 3 எழுத்தாகும். ‘அம்மா’ என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள். முகவரியில் அது 45 எழுத்து! தமிழ்ப் பெயரை ஒழுங்காக அனுப்பும் முறை 2011-லேயே ஆர்எஃப்சி 6266 என்ற தரநிலையில் வந்துவிட்டது. இன்னமும் அதைப் பின்பற்றாத தளங்களைப் பார்த்தால் எனக்குக் கோபமாக வருகிறது. அதற்காக நீ ஆங்கிலப் பெயருக்குப் போய்விடாதே. இறங்கியதும் தமிழிலேயே பெயர் மாற்றிவிடு. விண்டோஸில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு போன்ற சில குறிகள் மட்டும் வேண்டாம். உன் மகனின் லினக்ஸ் கணினியில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம், அதாவது 85 தமிழ்க் குறிகள். நூல், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று எல்லாவற்றையும் சேர்த்தால் தாண்டிவிடும்.

திறக்காத கோப்புகளுக்கு வருகிறேன். முதலில் அளவைப் பார். முழுப் புத்தகம் சில கேபிதான் இருக்கிறது என்றால், வந்தது பெரும்பாலும் புத்தகமே இல்லை. லாகின் காலாவதியானதால் சர்வர் அனுப்பிய இணையப் பக்கம், பிடிஎஃப் என்ற பெயரில் இருக்கிறது. நோட்பேடில் திறந்து பார். உண்மையான பிடிஎஃப் என்றால் தொடக்கத்திலேயே ‘%பிடிஎஃப்’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். ‘எச்டிஎம்எல்’ என்று இருந்தால் மறுபடி லாகின் செய்து எடு.

பாதியில் நிற்கும் பெரிய கோப்புகளின் பெயர் குரோமில் ‘சிஆர்டவுன்லோட்’ என்றும் பயர்பாக்ஸில் ‘பார்ட்’ என்றும் முடியும். அதை பிடிஎஃப் என்று மாற்றிவிட்டால் முழுக் கோப்பாகிவிடாது. உலாவியின் டவுன்லோட் பட்டியலில் ‘ரெஸ்யூம்’ கொடு. விட்ட இடத்திலிருந்து அனுப்ப சர்வர் ஒத்துக்கொண்டால் தொடரும். இல்லையென்றால் முதலிலிருந்துதான், அதை இரவில் போடு. அப்புறம், பென் டிரைவுக்கு நேராக இறக்காதே. பல பென் டிரைவ்கள் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது.

இதெல்லாம் பார்த்தும் திறக்காதவை இருந்தால் அழித்துவிடாதே. இணைப்பு முகவரியோடு எனக்கு அனுப்பு, இங்கே இறக்கிப் பார்த்துச் சொல்கிறேன். முதலில் அந்தப் பழைய சிறுவர் இதழ்களை அனுப்பு. பேத்திக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்