அந்த ரெண்டு பச்சை பல்புக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மேடையும், மூடி திறந்து கிடந்த எவர்சில்வர் டப்பாவும்தான் வருகிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் தம்பிக்காக நாம் நடத்திய அந்தப் பாட்டு நிகழ்ச்சி எதற்காக நடந்தது, ஏன் அன்றைக்கே நடந்தாக வேண்டியிருந்தது என்பதெல்லாம் உங்களுக்கு நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் முறை போட்டுப் படுத்தது நீங்கள்தான். டிக்கெட் விற்றதும் நீங்கள்தான். தம்பி நேற்று ரெண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நர்ஸ் அக்கா போன் பண்ணிச் சொன்னார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல ஆசைதான். ஆனால் இந்த மடலில் பாதிக்கு மேல் ஒரே ஒருவரைப் பற்றி இருக்கும். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

அந்த டப்பாதான் பெடல், கிதாரின் ஒலியை அசைய வைக்கும் கருவி. அது தம்பியின் ஆசை. அவன் போட்ட மெட்டே அந்த ஓசையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பெடல் இல்லாமல் வெறும் கிதாரில் வாசித்திருக்கலாமே என்று அன்றைக்கு ஒரு சிலர் அக்கறையோடுதான் கேட்டார்கள். வாசித்திருக்கலாம். ஆனால் போனில் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவனுக்கு அது அவனுடைய பாட்டாக இருந்திருக்காது.

ஜப்பானில் 1960-களின் கடைசியில் ஷின்-எய் கம்பெனிக்காக ஃபூமியோ மியெடா வடிவமைத்த யூனிவைப் என்ற பெட்டிதான் எங்களுக்கு மாதிரி. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969-ல் உட்ஸ்டாக் மேடையில் வைத்திருந்தது அதைத்தான். உள்ளே நடுவில் ஒரு சின்ன இழை பல்பு, அதைச் சுற்றி எல்.டி.ஆர். எனப்படும், வெளிச்சத்தை உணரும் நான்கு சின்னப் பாகங்கள். பல்பு மெல்ல ஏறி இறங்கி எரியும். வெளிச்சம் கூடினால் எல்.டி.ஆரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், மங்கினால் கூடும். ஒவ்வொன்றோடும் ஒரு கெப்பாசிட்டர் உண்டு. நான்கும் ஒரே அளவு இல்லை. 15 நானோ, 220 நானோ, 470 பிக்கோ, 4.7 நானோ என்று ஏறுக்குமாறாக இருக்கும். கிதாரின் ஒலி இந்த நான்கு கட்டத்தையும் கடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தும். பிந்திய ஒலியை நேரே வந்த ஒலியோடு சேர்க்கும்போது சில இடங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பல்பு ஏறி இறங்க, அந்தப் பள்ளங்களும் நகர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி காதுக்குக் கேட்பது அதனால்தான்.

இதை நாங்கள் அம்மாபேட்டை வீட்டு மொட்டைமாடி அறையில் நாலு மாதம் கட்டினோம். டப்பா, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்திரக் கடையில் வாங்கிய டிபன் பாக்ஸ். பல்பின் வெளிச்சம் நான்கு பக்கமும் சமமாகத் திரும்பி விழ ஒரு மூடாக்கு வேண்டும். அதற்கு அம்மாவின் குங்குமச் சிமிழ். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா அதன் உள்பக்கத்தை பஃப் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். ஓட்டை போட்டுத் தந்த லேத் பட்டறை அண்ணன், ஒரு டஜன் எல்.டி.ஆரைக் கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து ஒத்துப்போகிற நான்கைப் பொறுக்க விட்ட கடைக்காரர், பல்பு ஏறி இறங்கும்போது ஆம்பில் கேட்ட 'டிக் டிக்' சத்தத்துக்கு எர்த் ஒயர்களை எல்லாம் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்க்கச் சொன்ன கல்லூரி நண்பன், உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பதினொரு நாள் ஒரு 'ம்ம்ம்' இரைச்சலோடு மல்லுக்கட்டினேன். கேபிளை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், போர்டையே திரும்பச் சால்டர் பண்ணினேன். காபி கொண்டுவந்த அக்கா, "டியூப்லைட்டை அணைச்சுட்டு ஒரு தடவை பாரேன்" என்றாள். அணைத்தேன். இரைச்சல் நின்றது. நம் கரண்ட் 50 சைக்கிள். பழைய சோக் போட்ட டியூப்லைட் ஒரு செகண்டில் 100 தடவை மின்னும். நம் கண்ணுக்குத் தெரியாதது திறந்து கிடந்த எல்.டி.ஆருக்குத் தெரிந்திருக்கிறது. மூடியைப் போட்டதும் எல்லாம் சரியாயிற்று.

இனி அன்றைக்கு நடந்தது.

கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் பெட்டியை மடியில்தான் வைத்துக்கொண்டு போனேன். அப்படியும் சவுண்ட் செக்கில் கிதார் ஒலி வந்தது, அசைவு வரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். மீட்டரில் வோல்ட் ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பல்பு மட்டும் இருட்டு. கழற்றி கன்டினியூட்டி பார்த்தேன், பீப் இல்லை. இழை அறுந்துவிட்டது. மாற்று பல்பு எடுத்துப் போகவில்லை. அது என் தவறு.

சின்ன இழை பல்புக்கு இன்றைக்கு எங்கே போவது? எல்லாக் கடையிலும் எல்.இ.டி.தான். நண்பன் ஒருவன் லைட்டர் டார்ச்சிலிருந்து எல்.இ.டி.யைப் பிடுங்கிக்கூட வைத்துப் பார்த்தான். வேலை செய்தது, ஆனால் வெட்டி வெட்டி வந்தது. எல்.இ.டி. சட்டென்று எரிந்து சட்டென்று அணையும். இழை அப்படி இல்லை. சூடாக நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். அந்தத் தாமதம்தான் ஓசையைத் தூக்கி மெல்ல இறக்குகிறது. மேடை ஏற இன்னும் 50 நிமிடம் இருந்தது.

மைக் செட் போட்டிருந்த அண்ணன் அப்போதுதான் பக்கத்தில் வந்து நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மதியத்திலிருந்து அவரிடம் நான் ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கவில்லை. மஞ்சள் லைட்டைத் தள்ளி வையுங்கள், ஸ்பீக்கரைத் திருப்புங்கள் என்று வேலை சொன்னதோடு சரி. சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்ன தம்பி, பல்பா போச்சு?"

காட்டினேன். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனூண்டு பல்பு எங்கிட்ட இருக்குது. எங்கய்யா கோத்த சீரியல்ல" என்றார். அப்படியே டி.வி.எஸ். எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். சாக்குத் துணியைப் பிரித்தால் உள்ளே ஒரு பழைய சீரியல் செட். 36 பல்பு. ஒவ்வொன்றையும் அவர் அப்பா கையால் சால்டர் வைத்து, சாயத்தில் முக்கி எடுத்திருக்கிறார். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வரிசையாக இருந்தன. மலை உச்சியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் கட்டிய செட் அது. இப்போது எல்லாம் எல்.இ.டி. ரோல் வந்துவிட்டதால் கட்டுவதில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, எரிய விட்டுப் பார்த்துத் திரும்ப வைப்பாராம்.

எனக்குக் கணக்கு ஓடியது. 230 வோல்ட்டை 36 பல்பு பங்கு போட்டால் ஒன்றுக்கு ஆறு வோல்ட் சொச்சம். என்னுடையது 12 வோல்ட் பல்பு. நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பயாஸ் ட்ரிம்பாட் திருகைக் குறைத்தால் தாங்கும். சொன்னேன். அவருக்கு ரெசிஸ்டர் கணக்கு தெரிந்ததோ என்னவோ, ஆறு வோல்ட் என்றதும் தலையாட்டினார். எமர்ஜென்சி லைட்டின் ஆறு வோல்ட் பேட்டரியை எடுத்துவந்து ஒவ்வொரு பல்பாகத் தொட்டுப் பார்த்தார். எதற்கு இவ்வளவு நேரம், ஏதாவது ஒன்றை வெட்டிக் கொடுத்தால் போதுமே என்று எனக்குக் கை பரபரத்தது. அவர் அவசரப்படவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் எரிந்தன, அவர் கண்ணுக்கு அப்படி இல்லை. பச்சையில் ரெண்டைத் தேர்ந்தெடுத்தார்.

"ஒன்னு போதும்ணே" என்றேன்.

"ஒன்னு போனா மறுக்கா இப்படித்தான் நிப்பீங்களா? ரெண்டா வச்சுக்கங்க."

வெட்டுகிறபோது ஒயரை நீளமாக விட்டு வெட்டினார், எனக்கு முறுக்க இடம் வேண்டும் என்று. அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் மறக்கவே மாட்டேன். வெட்டிய இடங்களில் மீதி ஒயர்களைப் பல்லால் சீவி, முறுக்கி, டேப் சுற்றினார். ப்ளக்கைச் சொருகினார். 34 பல்பும் மேடைக்குப் பின்னால், பனியில், புல் தரையில் கிடந்து எரிந்தன. ரெண்டு குறைந்ததால் முன்னைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருந்திருக்க வேண்டும். "வெளிச்சம் கூடும், ஆயுசு கொறையும்" என்று அவரே சொன்னார். தெரிந்தேதான் கொடுத்தார். எல்லாம் எரிகிறது என்று பார்த்த பிறகுதான் அணைத்து, சுருட்டி, சாக்கைச் சுற்றிப் பெட்டியில் வைத்தார். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு பெரிய அவசரமோ, அது அவருக்குத் தெரியும். ஆனாலும் அறுந்தது அறுந்தபடி அப்பாவின் செட்டை உள்ளே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

பல்பின் மேல் பச்சைச் சாயம் இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண் நெயில் பாலிஷ் ரிமூவர் கொடுத்தாள். யாரென்று தெரியவில்லை, இதைப் படித்தால் உனக்கும் நன்றி அம்மா. அண்ணன் அதைப் பஞ்சில் தொட்டு, கட்டைவிரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். உள்ளே இழை தெரிந்தது. நான் சால்டர் வைத்தேன். கை நடுங்கியதால் டப்பாவை அவர்தான் பிடித்துக்கொண்டார். ட்ரிம்பாட்டைத் திருகி, மங்கும்போது இழை சிவப்பு நூல் மாதிரித் தெரிகிற அளவுக்கு, முழுதும் அணைந்துவிடாமல், கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரு நரம்பைத் தட்டினேன். ஓசை அசைந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். "அட, சிலோன் ரேடியோ" என்றார்.

சின்ன வயதில் சில்வர் ஓக் மரத்தில் ஏரியல் ஒயரைக் கட்டி, ராத்திரியில் சிற்றலையில் பாட்டுக் கேட்பாராம். பாட்டு கிட்டே வரும், தூரப் போகும், மறுபடி வரும். அவர் சொன்னது வெறும் உவமை இல்லை. சிற்றலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. வேறு வேறு வழியாக வந்த அதே அலைகள் ஏரியலில் சேரும்போது ஒன்றையொன்று கூட்டும், அழிக்கும். எங்கள் டப்பாவுக்குள் நான்கு கெப்பாசிட்டரும் ஒரு பல்பும் செய்வது அதேதான். நாலு மாதம் சர்க்யூட் படத்தைப் பார்த்துப் பார்த்து நான் புரிந்துகொண்டதை அவர் ஒரே நரம்பைக் கேட்டுச் சொல்லிவிட்டார்.

மேடையில் நடந்ததும், போனில் தம்பி கேட்டுக்கொண்டிருந்ததும் உங்களுக்குத் தெரியும்.

முடிந்த பிறகு பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "சாமிக்குக் கட்டின வெளக்கு. அதுக்குப் போய்க் காசா?" என்றார். டீ மட்டும் குடித்தார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. ஏற்காட்டுக்காரர்களுக்கு யார் என்று தெரிந்திருக்கும். அவரைப் பார்த்தால் நான் இப்படி எழுதியிருக்கிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள். மதியம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாததற்கு நான் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. அதனால் இங்கேயும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மூன்று நாளில் சேலம் கடைவீதியில் அந்த மாதிரி பல்பு தேடி அலைந்தேன். ஒரே ஒரு பழைய எலெக்ட்ரிக் கடையில், மேல் தட்டில் தூசி படிந்த அட்டைப் பெட்டிக்குள் ஏழு கிடைத்தது. ஏழையும் வாங்கி வைத்திருக்கிறேன். சாயம் மட்டும் இல்லை, வெறும் கண்ணாடிதான். பச்சைச் சாயம் எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு பச்சை பல்பு டப்பா மூடியின் உள்பக்கத்தில், டேப் போட்டு ஒட்டியபடி இருக்கிறது. அதன் சாயத்தை நான் சுரண்டவில்லை.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அந்தப் பழைய செட்டை இந்த வருஷம் மறுபடி கட்டப் போவதாகச் சொன்னார். ஏணி பிடிக்க ஆள் வேண்டுமாம். நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தம்பியால் அதற்குள் நடக்க முடிந்தால் அவனும் வருவான்.