செயலாளர் ஆண்டறிக்கை 2024: நயாகரா பயணக் கணக்கு உட்பட

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இன்று நேரில் வந்திருக்கும் நம் நியூ ஜெர்சித் தமிழ்ச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸப்பில் வரும். படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் மட்டும் போடவேண்டாம். ஏன் என்பது கீழே இருக்கிறது.

பொங்கல் விழா ஜனவரியில் வழக்கமான பள்ளி அரங்கில் நடந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு அவரவர் வீட்டுச் சமையல் கொண்டுவந்து பகிர்ந்துகொண்டோம். எட்டு வீட்டிலிருந்து தயிர்சாதம் வந்தது. தமிழ் வகுப்பு ஞாயிறுதோறும் நடக்கிறது. தீபாவளிக்குக் கூட்டம் அதிகம், நாற்காலி எடுத்து அடுக்க ஆள் குறைவு. செயற்குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை தலைவரும் நானும் மட்டும் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

இனி நயாகரா அருவிப் பயணம். "சங்கப் பணத்தில் செயலாளர் வீட்டுக்காரங்க டூர் போயிட்டு வந்துட்டாங்க" என்று ஒரு பேச்சு உலவுவது என் காதுக்கும் வந்தது. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் பதிவு செய்கிறேன்.

2023 பொதுக்குழுவில், ஒருமுறையாவது எல்லாரும் சேர்ந்து ஆர்.வி. (படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று கேட்டது நான் இல்லை, நீங்கள். 2024 ஏப்ரல் 8 முழு சூரிய கிரகணம் நயாகராவில் தெரியும், அதற்கே போகலாம் என்று சிலர் சொன்னார்கள். தங்க இடம் கிடைக்காது என்று நான் மறுத்தேன். அன்றைக்கு அங்கே மேகம் மூடியிருந்தது என்பதை இங்கே குறிப்பிடக் கடமைப்பட்டிருக்கிறேன். முடிவாக ஜூலை 4 முதல் 7 வரை என்று தேதி குறித்தோம். வாட்ஸப் குழுவில் அறிவித்ததும் 14 குடும்பங்கள் கட்டைவிரலை உயர்த்தின. அதை நம்பி மூன்று ஆர்.வி.க்கு முன்பதிவு செய்தேன். முன்பணம் 200 டாலர் கட்டியது ஏழு குடும்பம். வண்டியில் ஏறியது ஐந்து. மூன்றாவது வண்டியை ரத்து செய்ததில் 600 டாலர் போனது. வாடகை நிறுவனத்திடம் இரண்டு வாரம் பேசிப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது பிடித்துக்கொண்டதுதான்.

விசா விஷயத்தில் நான் முன்கூட்டியே சொல்லவில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. மார்ச் 3 அன்று நான் போட்ட செய்தி இன்னும் குழுவில் இருக்கிறது, மேலே தள்ளிப் பாருங்கள். அருவியை நேருக்கு நேர் நின்று பார்க்கக் கனடா பக்கம்தான் வசதி. அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் கவலையில்லை. கிரீன் கார்டு இருந்தால் அதையும் இந்தியப் பாஸ்போர்ட்டையும் காட்டினால் போதும். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கனடா விசா வேண்டும். 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. அப்புறம் பாஸ்போர்ட்டை அனுப்பி ஸ்டாம்பிங் வாங்கவேண்டும். இவ்வளவையும் எழுதியிருந்தேன். ஒருவர் ஜூன் 11 அன்று, "அக்கா, கனடாவுக்கு விசா வேணுமா?" என்று கேட்டார். அவர் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்.

வண்டி விஷயத்திலும் கொஞ்சம் பாடம் நடத்தவேண்டியிருந்தது. எட்டுப் பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், ஓடும்போது எட்டுப் பேர் போகலாம் என்று அர்த்தமில்லை. சீட் பெல்ட்டை எண்ணித்தான் ஆளை ஏற்றமுடியும். நமக்குக் கிடைத்த இரண்டு வண்டியிலும் தலா ஏழு பெல்ட். பதினேழு பேரில் பதின்மூன்று பேர் ஆர்.வி.யிலும் நாலு பேர் பின்னால் ஒரு காரிலும் வந்தார்கள். "படுத்துக்கிட்டே போலாம்னுதானே வந்தேன்" என்று கடைசிவரை முணுமுணுத்த நண்பரின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து போக 400 மைல். வண்டி காலனுக்கு எட்டு, ஒன்பது மைல்தான் கொடுத்தது. ஒரு வண்டிக்கே போக வர தொண்ணூறு காலனுக்கு மேல் பெட்ரோல். இதைத் தவிர மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கு இவ்வளவு என்று வாடகை நிறுவனம் தனியாக எழுதும். வண்டியின் உயரம் 11 அடி 6 அங்குலம். நியூயார்க் மாநிலத்தில் பார்க்வே என்று பெயர் உள்ள பெரும்பாலான சாலைகளில் பாலங்கள் தாழ்வு, ஆர்.வி.க்கு அனுமதி கிடையாது. ஆனால் போனில் உள்ள ஜி.பி.எஸ். அது தெரியாமல் அங்கேதான் இழுக்கும். என் வீட்டுக்காரர் பெயிண்டர் டேப்பில் "11-6, பார்க்வே கூடாது" என்று எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிவைத்தார். நெடுஞ்சாலை எண் 80, 380, 81, அப்புறம் சிரக்யூஸில் 90 என்று நேர் வழியாகவே போனோம். காரில் ஏழு மணி நேரம் ஆகும் தூரத்துக்குப் பத்தரை மணி நேரம் ஆனது. வீட்டுக் கொல்லையில் வெட்டிய விறகை ஒருவர் ஏற்றப் பார்த்தார். மரத்தை அரிக்கும் பூச்சி பரவும் என்று, சூடேற்றிப் பதப்படுத்தாத வெளி மாநில விறகை நியூயார்க்கில் விடமாட்டார்கள். இறக்கவைத்தேன். அதற்கும் கோபம்.

பஃபலோவுக்கும் அருவிக்கும் நடுவில் கிராண்ட் ஐலண்டில் முகாம் போட்டோம். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு இரண்டு வண்டியிலும் கரண்ட் போனது. முகாமில் தருவது 30 ஆம்ப். 120 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 3,600 வாட். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் இட்லிக்கு இண்டக்‌ஷன், இன்னொரு பக்கம் பாலுக்கு மைக்ரோவேவ் என்று போட்டால் தாங்குமா? ஏ.சி.யை நிறுத்திவிட்டு இட்லி வைத்தோம். வேர்த்து விறுவிறுத்துச் சாப்பிட்டாலும், நாலு நாளில் நன்றாக அமைந்த சாப்பாடு அதுதான்.

கழிவுத் தொட்டியைப் பற்றியும் எழுதவேண்டும், ஏனென்றால் அந்த வேலைக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை. முதலில் கழிவறைத் தொட்டியைத் திறந்துவிடவேண்டும், பிறகு பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர்த் தொட்டியை. அந்தச் சோப்புத் தண்ணீர்தான் குழாயை அலசிக்கொடுக்கும். என் வீட்டுக்காரர் முதல் நாள் வரிசையை மாற்றிவிட்டார். மேலே விவரிக்கவில்லை. அடுத்தடுத்த நாள்களும் அவரேதான் செய்தார். டூர் போனதாகச் சொல்லப்படும் செயலாளர் குடும்பம் இதுதான்.

அருவி. சேலத்திலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்த ஐயா ஒருவர் எங்களோடு வந்தார்; பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் இருட்டும் நேரத்தில் அமெரிக்கப் பக்கம் உள்ள கோட் ஐலண்ட் தீவில் நின்று, நயாகராவின் பெரிய அருவியான குதிரைலாட அருவியைப் பார்த்தோம். மறுநாள் காலை ஆறரைக்கே கூட்டிப் போகச் சொன்னார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர், "என்னம்மா, நேத்து வந்த தண்ணிய காணோமே?" என்றார். அவர் கண் கண்தான். 1950-இல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தப்படி, கோடையில் காலை 8 மணியிலிருந்து இரவு 10 வரை விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி அருவியில் விழவேண்டும். மற்ற நேரத்தில் பாதி போதும், மிச்சம் இரண்டு பக்கமும் மின்சாரம் எடுக்கப் போகும். சொன்னதும் ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒகேனக்கல்ல ஒரு லட்சம் கன அடின்னா பரிசலையும் குளியலையும் நிறுத்திடுவான். இவன் அதே தண்ணியில படகு விடுறான்!" எட்டு மணிக்குத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். இரண்டு நாட்டு எல்லையில் இருக்கும் ஆற்றுக்கு இப்படி ஒரு கணக்கு எழுதி எழுபது வருஷத்துக்கு மேலாக நடத்துகிறார்களே என்பதை மூன்று தடவை சொன்னார்.

மூன்றாம் நாள் பதினேழு பேரில் எட்டுப் பேர் ரெயின்போ பாலத்தில் நடந்தே கனடாவுக்குப் போனார்கள். ஒன்பது பேருக்குக் காகிதம் இல்லை. ஒரு குடும்பத்தில் கணவருக்கு விசா வந்துவிட்டது, மனைவியின் பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. கணவர் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். மதியம் இரண்டு பக்கத்திலிருந்தும் படகு ஏறினோம். அமெரிக்கப் படகில் நீல மழைக்கோட்டு, கனடாப் படகில் சிவப்பு. குதிரைலாடத்துக்கு அடியில் இரண்டு படகும் கொஞ்சம் கிட்டே வந்தன. என் பக்கத்தில் நின்ற அந்த அம்மா, சிவப்புக்கோட்டுக் கூட்டம் முழுவதையும் பார்த்துக் கையை ஆட்டினார். யார் தன் பிள்ளை என்று அந்தச் சாரலில் தெரியாது. அந்தப் பக்கமும் நிறையப் பேர் கை ஆட்டினார்கள். ராத்திரி முகாமுக்கு வந்ததும் மகள், "அம்மா, நான் ஆட்டினது தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். தெரிந்தது என்றே சொன்னார்.

கணக்கு: ஆண்டு வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். நயாகராவில் சிறு பற்றாக்குறை. மூன்றாவது வண்டியின் 600 டாலர்தான் அதில் பெரும்பகுதி. வராத இரண்டு குடும்பங்களில் ஒன்று முன்பணத்தைத் திருப்பிக் கேட்டது, கொடுத்துவிட்டோம். இன்னொன்று கேட்கவே இல்லை. அவர்களுக்கு இந்த அவையில் நன்றி. எங்கள் குடும்பம் மற்றவர்களைப் போலவே முழுப் பங்கும் கட்டியது. ரசீது எண் பொருளாளரிடம் உள்ளது. விவரமான கணக்கைத் தணிக்கை முடிந்ததும் அவர் அனுப்புவார்.

சந்தா: 41 குடும்பங்களில் 24 கட்டியிருக்கின்றன. மீதிப் பதினேழில் ஒன்பது குடும்பம் தீபாவளி விருந்துக்கு வந்திருந்தது. பட்டியலை வாசிக்கும்படி செயற்குழுவில் ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். இந்த ஆண்டு மட்டும்.

அரங்கம் தந்த பள்ளிக்கும், ஒலிபெருக்கி தந்த நண்பருக்கும், தமிழ் வகுப்பு ஆசிரியைகளுக்கும், நாற்காலி அடுக்கிய நாலு பிள்ளைகளுக்கும், வண்டி ஓட்டிய இருவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு நியூயார்க் மாநிலத்தில் உள்ள லெட்ச்வொர்த் பூங்காவுக்குப் போகலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் அருவி உண்டு, விசா வேண்டாம். ஆனால் இனிமேல் முன்பணம் கைக்கு வந்த பிறகுதான் வண்டி. அதை யார் ஏற்பாடு செய்வது என்பது இன்றைய தேர்தலைப் பொறுத்தது. செயலாளர் பதவிக்கு இதுவரை யாரும் மனு கொடுக்கவில்லை என்று தலைவர் சொன்னார். படிவம் ஒன்று என் பையில் இருக்கிறது, இன்னும் நிரப்பவில்லை. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருக்கிறார். வடை அவருக்குப் பின்னால் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்